ட்ரெவர் வீக்ஸ் 23 வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்?

கேள்வி இதுதான்: "எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறேன். காமா கதிர் வானியலில் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. எங்கள் துறையில் ஒருவர், 'அதை ஆரம்பித்தவர்களே இருபது வருடம் ஒன்றும் கண்டுபிடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், நீ போய் என்ன செய்யப் போகிறாய்' என்கிறார். அது உண்மையா? அத்தனை வருடம் ஒரு விஞ்ஞானி என்னதான் செய்துகொண்டிருப்பார்?"

வருடக் கணக்கு உண்மைதான். "உட்கார்ந்திருந்தார்கள்" என்பது மட்டும் தவறு. உங்களிடம் சொன்னவர் ட்ரெவர் வீக்ஸ் என்பவரை மனதில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். 1940ல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர், 1966ல் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கினார், அவரும் அவருடைய குழுவும் தரையிலிருந்து ஒரு காமா கதிர் மூலத்தை யாரும் மறுக்க முடியாதபடி பிடித்தது 1989ல். நடுவில் 23 வருடம். வகுப்பில் 1989ஐ ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், இந்த 23 வருடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த 23 வருடம்தான் முக்கியமாகப் படுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நாம் பேசுவது ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றல் கொண்ட காமா கதிர்கள், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போல ஒரு லட்சம் கோடி மடங்குக்குக் கொஞ்சம் கீழே. இவை மிக மிக அரிதாக வருபவை. வானத்தில் இந்த ஆற்றலில் விடாமல் ஒளிரும் பிரகாசமான மூலங்களில் ஒன்று நண்டு நெபுலா, 1054ல் சீனர்கள் பகலிலேயே பார்த்துக் குறித்து வைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம். அங்கிருந்தே ஒரு சதுர மீட்டர் பரப்பில் இப்படிப்பட்ட காமா கதிர் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான் விழுகிறது. செயற்கைக்கோளில் நீங்கள் அனுப்ப முடிந்த கருவி ஏறக்குறைய அந்தச் சதுர மீட்டர் அளவுதான். வருடத்துக்கு ஆறு துகளை வைத்துக்கொண்டு என்ன வானியல் செய்வது?

தப்பிக்கும் வழி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. காமா கதிர் காற்று மண்டலத்தில் நுழைந்ததும் ஒரு எலக்ட்ரான், ஒரு பாசிட்ரான் என்று இரண்டாகிறது, அவை மறுபடியும் காமாவை உண்டாக்குகின்றன, அது மறுபடியும் பிரிகிறது, இப்படியே பெருகிப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான துகள்களின் பொழிவாக மாறுகிறது. அந்தத் துகள்கள் காற்றுக்குள் ஒளி போகும் வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகின்றன (வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தைத் தாண்டவில்லை, காற்றில் ஒளி சற்றே மெதுவாகிறது, அவ்வளவுதான்), அதனால் செரன்கோவ் ஒளி என்னும் மெல்லிய நீல ஒளியைச் சிந்துகின்றன. அது தரையில் சுமார் 120 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டமாக விழும். சில நானோ வினாடிகள்தான் இருக்கும். அந்த வட்டத்துக்குள் எங்கே ஒரு கண்ணாடி இருந்தாலும் அந்தக் காமா கதிர் வந்ததை அறியலாம். அதாவது உங்கள் கருவியின் பரப்பு ஒரு சதுர மீட்டரிலிருந்து நாற்பதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று ஆகிவிடுகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், அழகாக வரும்.

சரி, அப்படியென்றால் எல்லாம் எளிதுதானே? இல்லை. வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், ஓயாமல் வந்து இதே போன்ற பொழிவை, இதே நீல ஒளியை உண்டாக்குகின்றன. மின்னேற்றம் உள்ளவை என்பதால் வழியிலுள்ள காந்தப் புலங்களில் வளைந்து வளைந்து வருகின்றன, எங்கே புறப்பட்டன என்பது தெரியாது. நண்டு நெபுலாவை நோக்கிக் கண்ணாடியைத் திருப்பினால் பதிவாகும் பளிச்சிடல்களில் நூற்றுக்கு ஒன்றுகூடக் காமா இல்லை. களத்தில் கொட்டிக் கிடப்பதெல்லாம் பதர், அதற்குள் எங்கோ சில நெல்மணிகள். தூற்றுவதற்கு முறம் இல்லை. வீக்ஸின் வாழ்க்கை முழுக்க அந்த முறத்தை முடைந்த கதைதான்.

அவருக்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1948ல் பேட்ரிக் பிளாக்கெட், இரவு வானத்தின் வெளிச்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இந்தச் செரன்கோவ் ஒளியாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1952ல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் பில் கால்பிரெய்த், ஜான் ஜெல்லி என்ற இருவர் ஒரு குப்பைத் தொட்டியை எடுத்து, அதன் அடியில் 25 சென்டிமீட்டர் குழிக்கண்ணாடியை வைத்து, குவியத்தில் ஒரு போட்டோமல்டிப்ளையர் குழாயை (மிக மெல்லிய ஒளியையும் மின் துடிப்பாக மாற்றும் கருவி) பொருத்தி, அதை வானத்தைப் பார்க்க வைத்தார்கள். துடிப்புகள் வந்தன. ஒரு துறைக்கே அதுதான் பிள்ளையார் சுழி. எனக்கு இந்தக் குப்பைத் தொட்டியை நினைக்கும்போதெல்லாம் மனது நிறைந்துவிடும். காத்திருக்காமல் கையில் கிடைத்ததை வைத்து அந்த வாரமே பார்த்துவிட்டார்கள்.

1959ல் ஜூசெப்பே கொக்கோனி நண்டு நெபுலாவிலிருந்து டெரா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்கள் வர வேண்டும் என்று கணித்தார், மிகத் தாராளமான கணிப்பு. அதை நம்பி சோவியத் யூனியனில் சுடகோவ் தலைமையில் கிரிமியா கடலோரத்தில் 12 கண்ணாடிகள் வைத்துச் சில ஆண்டுகள் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் அந்த "ஒன்றும் இல்லை" வீணாகவில்லை. நண்டு நெபுலாவிலுள்ள வேகமான எலக்ட்ரான்கள் புரோட்டான் மோதல்களின் துணைப்பொருளாகப் பிறந்திருந்தால் அந்தக் காமா வெள்ளம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை; ஆகவே எலக்ட்ரான்களை அங்கே ஏதோ ஒன்று நேரடியாகவே முடுக்குகிறது என்று ஆயிற்று. பார்க்கப் போனது கிடைக்காவிட்டாலும், இவ்வளவுக்கு மேல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் உச்ச வரம்பும் ஒரு விடைதான். இந்தத் துறைக்குள் வர நினைக்கிறவர் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இது, ஏனென்றால் நீங்கள் எழுதப் போகும் கட்டுரைகளில் பல அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் வீக்ஸ். டப்ளினில் நீல் போர்ட்டர் என்பவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். போர்ட்டரும் ஜெல்லியும் சேர்ந்து டப்ளினுக்கு வெளியே கிளென்கல்லன் என்ற இடத்தில், போர்க்காலத் தேடுவிளக்குகளின் 90 சென்டிமீட்டர் கண்ணாடிகளைப் பழைய பீரங்கித் தாங்கியில் ஏற்றி ஒரு கருவி வைத்திருந்தார்கள். வானத்தில் ஒரு பொருளைப் பின்தொடர வேண்டும், அதற்குத் திரும்பவும் நிமிரவும் கூடிய தாங்கி வேண்டும், பீரங்கிக்கும் தேவை அதேதான். இந்தக் கருவி பார்த்தது அயர்லாந்தின் வானத்தை என்பதைக் கவனியுங்கள். நிலா இல்லாத, மேகம் இல்லாத இரவுதான் இந்த வேலைக்கு உதவும். அங்கே அது எத்தனை நாள் வாய்க்கும்? அங்கேயும் மூலம் எதுவும் சிக்கவில்லை.

பட்டம் வாங்கிய அதே 1966ல் வீக்ஸ் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே ஜியோவானி ஃபாசியோ என்பவரின் முயற்சியில் அரிசோனாவில் ஹாப்கின்ஸ் மலையில் 2,300 மீட்டர் உயரத்தில் 10 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1968ல் எழுந்தது. 248 அறுகோணக் கண்ணாடித் துண்டுகளை ஒரு இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தியது; அடிப்படை வடிவமைப்பு சூரிய உலைக்காக வரைந்தது. வழக்கமான தொலைநோக்கி மாதிரி கூர்மையான பிம்பம் இதில் வராது, வரவும் வேண்டாம். அந்தச் சில நானோ வினாடி ஒளியை ஒரு வாளி அளவாவது அள்ள வேண்டும், அவ்வளவுதான் அப்போது நோக்கம். குவியத்தில் ஒரே ஒரு போட்டோமல்டிப்ளையர். கண்ணாடி பெரிதாகிவிட்டது, இனி காமா தெரிந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

மூன்று வருடம் நண்டு நெபுலாவைப் பார்த்து 1972ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிடைத்தது சுமார் 3 சிக்மா. சிக்மா என்றால் தற்செயலான ஏற்ற இறக்கத்தைவிட உங்கள் சிக்னல் எத்தனை மடங்கு பெரியது என்பதற்கான அளவு. 3 சிக்மா என்றால் தற்செயலாக அப்படி வர ஆயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேலான வாய்ப்புதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் ஐம்பது மூலங்களைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் இருபது விதமாகத் தரவை அலசினால், ஆயிரம் முறை சீட்டுக் குலுக்கினது போல. அதில் ஒரு 3 சிக்மா வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. மாணவனாக இருந்தபோது இப்படிப்பட்ட தரவு ஒன்றை அலசினேன். மூலத்தைப் பார்த்த நேரம் ஒன்று, பக்கத்தில் வெற்று வானத்தைப் பார்த்த நேரம் ஒன்று, இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது சிக்னல். மூன்றரை சிக்மா வந்தது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் வழிகாட்டி ஒன்றுமே சொல்லாமல், அந்த இரவுகளின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். வெற்று வானத்தைப் பார்த்த மூன்று இடங்களில் ஓரத்தில் பென்சிலால் "மெல்லிய மேகம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். மேகம் ஒரு பக்கத்தின் எண்ணிக்கையைக் குறைத்தது, நான் அதை மறுபக்கத்தின் சிக்னல் என்று நினைத்துவிட்டேன். அந்த மூன்றையும் எடுத்ததும் ஒன்றரை சிக்மாவுக்கு இறங்கிவிட்டது. வீக்ஸ் 1972க்குப் பிறகு என்ன செய்தார் என்பதை நான் இவ்வளவு மதிப்பதற்கு அந்தப் பென்சில் எழுத்துதான் காரணம்.

என்ன செய்தார்? எழுபதுகள் கஷ்டமான காலம். பணம் வற்றியது. ஃபாசியோ அகச்சிவப்பு வானியலுக்குப் போனார், பிற்காலத்தில் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமராவுக்குத் தலைமை ஏற்றார், அதில் அவர் சாதித்தது ஏராளம். போனது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அதே துறையில் இருந்த ஜோனதன் கிரிண்ட்லே எக்ஸ் கதிர்ப் பக்கம் போய் அங்கே பெயர் எடுத்தார். வீக்ஸ் மட்டும் அந்த மலையை விடவில்லை. அந்த ஆய்வகத்தின் நிர்வாகப் பொறுப்பையும் சில ஆண்டுகள் பார்த்தார், சாலை, தண்ணீர், மின்சாரம் என்று ஒரு மலை உச்சி கேட்கும் எல்லா வேலையும் அதில் அடக்கம். பெரிய கண்ணாடி இருந்தும் ஏன் தெரியவில்லை என்ற கேள்வியையும் அவர் விடவில்லை.

விடை, கண்ணாடி பெரிதானால் நெல்லும் அதிகம் வரும், பதரும் அதே அளவு அதிகம் வரும் என்பதுதான். இன்னும் பெரிய கண்ணாடி, இன்னும் அதிக நேரம் என்று போவதில் பயன் குறைவு. வருவது எது என்று ஒவ்வொரு பளிச்சிடலையும் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். 1977ல் வீக்ஸும் இங்கிலாந்தைச் சேர்ந்த டர்வர் என்பவரும் சேர்ந்து ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: குவியத்தில் ஒரு குழாய்க்குப் பதில் 37 குழாய்களைத் தேன்கூடு மாதிரி அடுக்கினால், ஒளி வந்ததா என்பதோடு அந்த ஒளி என்ன வடிவத்தில் வந்தது என்பதும் தெரியும். படம் எடுக்கலாம். அந்தக் கேமரா உருவாகி மலையேற எண்பதுகளின் ஆரம்பம் ஆகிவிட்டது.

37 பிக்சல். ஒவ்வொரு பிக்சலும் அரை டிகிரி, அதாவது முழு நிலாவின் அகலம். இன்றைக்குச் சட்டைப் பையில் இருக்கும் போனில் கோடிக்கணக்கான பிக்சல்கள் இருக்கும்போது இது என்ன படம் என்று தோன்றும். ஆனால் அந்த முப்பத்தேழில் ஐந்தாறு பிக்சல்கள் மட்டும் ஒளிர்ந்து ஒரு சின்ன நீள்வட்டமாக நிற்பதை ஒரு தடவை பார்த்தால் போதும். காமா உண்டாக்கும் பொழிவு ஒல்லியாக, நேராக இறங்குவது. அதன் படம் மெலிந்த நீள்வட்டம், அதன் நீள அச்சு கேமராவின் நடுவில் இருக்கும் மூலத்தைச் சுட்டும். புரோட்டானின் பொழிவு அணுக்கருக்களை உடைத்துக்கொண்டு வருவதால் கிளை கிளையாகப் பரந்து, படம் தடித்து, சிதறி, எந்தப் பக்கமோ பார்த்து நிற்கும்.

இதை எண்களாக மாற்றியவர் இங்கிலாந்தின் லீட்ஸில் இருந்த மைக்கேல் ஹில்லாஸ். கணினியில் பொழிவுகளை உருவாக்கி, 1985ல் அமெரிக்காவின் லா ஹோயாவில் நடந்த காஸ்மிக் கதிர் மாநாட்டில், படத்தின் அகலம், நீளம், அது பார்க்கும் திசை என்று சில எளிய அளவுகளை வைத்தே காமாவைப் பிரித்துவிடலாம் என்று காட்டினார். புள்ளியியல் முதல் பாடத்தில் சொல்லித்தரும் சராசரியும் விலக்கமும்தான் அதன் அடிப்படை. ஒரு மாணவர் ஒரு மத்தியானத்தில் நிரலாக எழுதிவிடலாம். இன்றைக்கும் செரன்கோவ் தொலைநோக்கிக்காரர்கள் எல்லோருமே "ஹில்லாஸ் அளவுகள்" என்றுதான் சொல்கிறார்கள், இயந்திரக் கற்றலுக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் அதே அளவுகள்தான்.

முறம் கிடைத்ததால் என்ன மாறியது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. 10,000 பதர், 50 காமா என்று வையுங்கள். மூலத்தைப் பார்த்தால் 10,050, வெற்று வானத்தைப் பார்த்தால் 10,000. வித்தியாசம் 50, ஆனால் தற்செயல் ஏற்ற இறக்கம் இரண்டின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம், சுமார் 142. ஆக 0.35 சிக்மா, ஒன்றுமே இல்லை. இப்போது பதரில் 98 சதவீதத்தைத் தூற்றிவிட்டு, காமாவில் ஐம்பதுக்கு முப்பதை மட்டும் காப்பாற்றினாலும், 230க்கு எதிராக 200. வித்தியாசம் 30, ஏற்ற இறக்கம் சுமார் 21. சிக்மா 1.45. நான்கு மடங்கு. நேரத்தைக் கூட்டினால் சிக்மா அதன் வர்க்கமூலமாகத்தான் வளரும் என்பதால், இந்த நான்கு மடங்கு பதினாறு மடங்கு நேரத்துக்குச் சமம். ஒரு வருடத்தில் செய்வதைப் பழைய முறையில் செய்யப் பதினாறு வருடம் ஆகும். நெல்லில் இருபது மணியைக் கீழே சிந்திவிட்டும் நீங்கள் ஜெயிக்கிறீர்கள்.

இது எல்லாம் மலையில் நடந்துகொண்டிருந்தபோது வெளியே வேறு ஒரு ஆரவாரம். 1983ல் ஜெர்மனியின் கீல் நகரத்துக் குழு சிக்னஸ் எக்ஸ் 3 என்ற இரட்டை நட்சத்திரத்திலிருந்து இதைவிட அதிக ஆற்றலில் காமா வருகிறது என்று அறிவித்தது. அதன்பின் பல குழுக்கள் தாங்களும் பார்த்ததாக எழுதினார்கள், மூன்று சிக்மா, நாலு சிக்மா, ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. மூலம் விட்டு விட்டு ஒளிர்கிறது என்றால் யார் சரிபார்ப்பது? அவரவர் பார்த்த இரவில் இருந்தது, நீங்கள் பார்த்த இரவில் இல்லை. பிற்பாடு ஜிம் குரோனின் என்ற இயற்பியலாளர் அமெரிக்காவின் யூட்டாவில் அமைத்த துகள் உணர்விகளின் பெரிய வரிசையில் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. வீக்ஸ் 1988ல் எழுதிய நீண்ட மீள்பார்வைக் கட்டுரையில் துறையில் அதுவரை வந்த அறிவிப்புகளை எல்லாம் எடுத்து அலசி, அவற்றின் பலவீனத்தைச் சொன்னார். சொந்தத் துறையின் பெயர் கெட்டுப்போகிறதே என்று மூடி மறைக்கவில்லை. நிதி கொடுப்பவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தும் எழுதினார். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் 1989க்கு ஈடாக வைக்க வேண்டிய காரியம் இது.

1989ல் அந்தக் கட்டுரை வந்தது. 12 பேர் எழுதியது. பதரில் 98 சதவீதத்துக்கு மேல் தூற்றிய பிறகு நண்டு நெபுலாவில் 9 சிக்மா. 0.7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இவ்வளவு காமா வருகிறது, ஆனால் எங்கள் ஆற்றல் அளவிலும் எண்ணிக்கையிலும் ஒன்றரை மடங்கு வரை பிழை இருக்கலாம் என்று அதிலேயே சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பார்த்தும் அளவு மாறவில்லை என்றார்கள், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மாறாத மூலம் என்றால் யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும், எந்த வருடமும் திருப்பிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லலாம். பார்த்தார்கள், எல்லோருக்கும் கிடைத்தது. இன்றைக்குப் புதிதாக ஒரு தொலைநோக்கி கட்டினால் முதலில் நண்டு நெபுலாவைத்தான் பார்த்துக் கருவியைச் சரிபார்க்கிறோம், மற்ற மூலங்களின் பிரகாசத்தை "நண்டில் இத்தனை சதவீதம்" என்றே பேசுகிறோம்.

அந்தப் பன்னிரண்டு பெயர்களில் ஹில்லாஸ் இருக்கிறார். டப்ளினில் இருந்த டேவிட் ஃபேகன் இருக்கிறார். நீல் போர்ட்டரும் இருக்கிறார், தேடுவிளக்குக் கண்ணாடி காலத்து அதே வழிகாட்டி. மாணவரும் ஆசிரியரும் 23 வருடம் கழித்து ஒரே கட்டுரையில்.

அதன்பின் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1992ல் அதே 10 மீட்டர் தொலைநோக்கி மார்க்கேரியன் 421 என்ற வேறொரு விண்மீன் மண்டலத்தைப் பிடித்தது, நம் பால்வெளிக்கு வெளியே கிடைத்த முதல் டெரா எலக்ட்ரான் வோல்ட் மூலம். 1996 மே மாதம் அதே மண்டலம் அரை மணி நேரத்துக்குள் பல மடங்கு பிரகாசமாகி அடங்கியது. ஒரு கருந்துளையின் சுற்றுப்புறத்தில் இவ்வளவு வேகமாக மாற்றம் நடந்தால் அந்த இடம் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று கோட்பாட்டுக்காரர்கள் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். 1997ல் வீக்ஸுக்கு உயர் ஆற்றல் வானியற்பியலுக்கான ரோசி பரிசு. லா பால்மாவில் ஹெக்ரா, பின்னர் மேஜிக், நமீபியாவில் ஹெஸ் என்று பெரிய கருவிகள் வந்தன. வீக்ஸ் தொண்ணூறுகளிலேயே திட்டமிட்ட வெரிட்டாஸ், 12 மீட்டர் தொலைநோக்கி நான்கு கொண்டது, கிட் பீக் மலையில் வர வேண்டியது. அது தங்களுக்குப் புனிதமான மலை என்று தோஹோனோ ஓதாம் பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள், வழக்கு வந்தது, திட்டம் நின்றது. கடைசியில் 2007ல் ஹாப்கின்ஸ் மலை அடிவாரத்திலேயே அமைந்தது. அந்த மக்களைக் கேட்காமல் மலையைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன், அறிவியல் அதனால் குறைந்துவிடவில்லை.

வெரிட்டாஸ் 2011ல் ஒன்றைக் கண்டது. நண்டு நெபுலாவின் நடுவில் வினாடிக்கு முப்பது முறை சுழலும் பல்சார் என்னும் நியூட்ரான் நட்சத்திரத்திலிருந்து 100 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (ஒரு டெராவில் பத்தில் ஒரு பங்கு) மேலும் துடிப்பு வருகிறது. 1989 கட்டுரையில் துடிப்பு இருந்தால் மொத்தத்தில் கால் பங்குக்குள்தான் இருக்கும் என்று உச்ச வரம்பு போட்டிருந்தார்கள். புதிதாகக் கண்ட துடிப்பு அந்த வரம்புக்கு வெகு கீழே, எந்த முரணும் இல்லாமல் அமர்ந்தது. கவனமாகப் போட்ட வரம்பு 22 வருடம் கழித்தும் நின்றது. பழைய 10 மீட்டர் தொலைநோக்கி அதே 2011ல் ஓய்வு பெற்றது. வீக்ஸ் 2014 மே மாதம் காலமானார். அப்போது நூற்றுக்கு மேல் மூலங்கள் தெரிந்திருந்தன, இன்றைக்கு இருநூறைத் தாண்டிவிட்டது.

நம் ஊர்ப் பக்கம் இது புதிது என்று நினைக்க வேண்டாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு அறுபதுகளின் கடைசியிலேயே ஊட்டியில் செரன்கோவ் கண்ணாடிகளை வைத்துப் பல்சார்களிலிருந்து காமா வருகிறதா என்று தேடியது. ஹாப்கின்ஸ் மலையில் 10 மீட்டர் கண்ணாடி ஏறிய அதே காலம், ஊட்டியின் உயரமும் ஏறக்குறைய அதேதான். 1986ல் அந்த வேலை மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்குப் போனது. பிறகு லடாக்கில் ஹான்லேயில் 4,200 மீட்டருக்கு மேல் ஹகார், இப்போது அதே இடத்தில் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி, 2024 அக்டோபரில் திறந்து வைத்தார்கள். ஊட்டியில் கிரேப்ஸ் 3 இன்னும் நடக்கிறது, அது செரன்கோவ் ஒளியைப் பார்ப்பதில்லை, தரைக்கு வந்து சேரும் துகள்களையே எண்ணுகிறது. ஆக உங்களுக்குப் போக இடம் இருக்கிறது, பட்டப்படிப்பு முடித்த கையோடு ஊட்டிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டு எழுதிப் பாருங்கள்.

நீங்கள் நேராகக் கேட்டதற்கு வருகிறேன். வாழ்க்கை எப்படி இருக்கும்? நிலா இல்லாத இரவுகள்தான் உங்கள் நாட்காட்டி, அமாவாசையை ஒட்டிக் கருவியிடம் இருப்பீர்கள், பௌர்ணமி வாரத்தில் ஊருக்குப் போவீர்கள். ஹாப்கின்ஸ் மலையில் 28 நிமிடம் மூலத்தைப் பார்ப்பார்கள், பிறகு வானத்தில் அதே பாதையில் மூலம் இல்லாத இடத்தை 28 நிமிடம் பார்ப்பார்கள், இரவு முழுக்க இப்படியே. மீதி நாளெல்லாம் நிரல் எழுதுவது, பொழிவுகளைக் கணினியில் உருவாக்குவது, அழுக்கேறிய கண்ணாடியின் பிரதிபலிப்பை அளப்பது, செத்துப்போன குழாயை மாற்றுவது. இன்றைக்கு ஒரு கட்டுரையில் பன்னிரண்டு பெயருக்குப் பதில் நூறு, இருநூறு பெயர்கள் இருக்கும், அதில் உங்கள் பங்கு எது என்று சொல்லத் தெரிய வேண்டும். இருபது வருடம் காத்திருக்கும் நிலைமை இப்போது இல்லை. முனைவர் பட்டத்துக்குள்ளேயே கையில் உண்மையான சிக்னல் இருக்கும். ஆனால் பதரைப் படிக்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது. அது பிடிக்கவில்லை என்றால் இந்தத் துறை உங்களைச் சோர்வாக்கிவிடும், அப்போது ஃபாசியோ மாதிரி வேறு பக்கம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிடிக்கிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஃபெர்மி செயற்கைக்கோளின் காமா கதிர்த் தரவு முழுக்க இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கலாம். நண்டு நெபுலாவைச் சுற்றி ஒரு வருடத் தரவை இறக்கி, எத்தனை மூலத்திலிருந்து வந்தது, எத்தனை பின்னணி என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். ஒரு மாதம் மெனக்கெடுங்கள். பின்னணியைப் பற்றி யோசித்துக்கொண்டே தூங்கப் போகிறீர்கள் என்றால் விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம்.

இன்னொன்று. மார்கழி இரவுகளில் எட்டு ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போனால் ரிஷப ராசியின் இரண்டு கொம்புகளும் தெரியும், நேரம் ஆக ஆகக் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். தெற்குக் கொம்பின் நுனியில் இருக்கும் மங்கலான நட்சத்திரம் சீட்டா டாரி. அதற்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல் தள்ளித்தான் நண்டு நெபுலா, வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நட்சத்திரம் 37 பிக்சல் கேமராவின் பார்வைக்குள்ளேயே விழும். அதன் வெளிச்சம் சில குழாய்களின் இரைச்சலைக் கூட்டும். வெற்று வானத்தில் அப்படி ஒரு நட்சத்திரம் இல்லாததால், அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் கழித்தால் இல்லாத சிக்னல் இருப்பது போலத் தோன்றும். நண்டு நெபுலாவை அலசுகிற ஒவ்வொருவரும் முதலில் அந்த நட்சத்திரத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாடியிலிருந்து பார்க்கும்போது நீங்களும் அதையே முதலில் தேடுங்கள்.